பில்லி யாருக்குச் சொந்தம்

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் நான் டைப்பிஸ்டாக இருந்தபோது, முதலாளி வீட்டு மருமகளும் நானும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதினோம். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. இப்போது சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. 'ஆம்பூர்லயா? அப்பவேவா?' என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். விளையாட்டை எழுத ஆரம்பித்த நாளிலிருந்து யாராவது ஒருவர் என்னை அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நானும் மற்றவர்களை அப்படித்தான் பார்த்தேன்.

என் ஊர் குடியாத்தம். வீட்டில் லுங்கித் தறி ஓடியது. அக்காக்கள் இருவரும் தறி ஓடும் வீடுகளுக்கே வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். எனக்கு அந்தச் சத்தத்திலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது. கணக்குப் பாடம் எடுத்து இரண்டாம் வருஷத்தோடு கல்லூரி நின்றுபோயிற்று. டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் முடித்தேன். தெரிந்தவர் ஒருவர் சொல்லி இந்த வேலை கிடைத்தது. காலையில் பாசஞ்சர் ரயிலில் ஆம்பூர் போய் சாயங்காலம் திரும்புவேன்.

கம்பெனி வளாகத்தில் ஒரு பக்கம் தோல் பதனிடும் டேனரி. அதையொட்டி ஷூவின் மேல்பாகம் தைக்கிற பகுதி, அப்புறம் ஆபீஸ். உயரமான ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளி வீடு. பெரிய முதலாளி, அவர் மகன் சின்ன முதலாளி. சின்ன முதலாளி வருஷத்துக்கு இரண்டு முறை சாம்பிள் பெட்டிகளோடு வெளிநாடு போய்வருவார். அப்படி ஒருமுறை வரும்போது லண்டனிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வாங்கிவந்தார். டிவியோடு இணைத்தால் கம்ப்யூட்டர். ஸ்டாக் கணக்கைப் போட வாங்கியதாம். இரண்டே நாளில் பொறுமை போய் அலமாரியில் வைத்துவிட்டார். அதை வெளியே எடுத்தது அவர் மனைவி.

வாணியம்பாடிப் பெண் அவள். மெட்ராஸில் விடுதியில் தங்கி பட்டம் வரை கணக்குப் படித்தவள். கம்பெனியில் எல்லாரும் அவளை பாபி, உருதில் அண்ணி, என்றுதான் சொல்வார்கள், பார்த்தவர்கள் யாரும் இல்லாவிட்டாலும். கோஷா உள்ள குடும்பம். வெளியே போனால் கார், கறுப்புத் திரை, மாமியார் துணை.

அந்தப் பெட்டியோடு வந்த புத்தகத்தில் பக்கம் பக்கமாக புரோகிராம்கள் இருந்தன. ஒரு எழுத்து பிசகினாலும் ஓடாது. வேகமாக அடிக்கிற ஆள் வேண்டும் என்று பாபி கேட்டிருக்கிறாள். ஒரு நாள் மதிய இடைவேளையில் மேனேஜர் என்னை முதலாளி வீட்டு மாடிக்குப் போகச் சொன்னார். எனக்கு வேறு என்னென்னவோ தோன்றியது. பெரிய வீட்டுக்குள் ஒரு டைப்பிஸ்ட் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள் என்றால் யாருக்குத்தான் தோன்றாது? மாடியில் போய்ப் பார்த்தால் என் வயதுள்ள ஒருத்தி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டிவியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்கிலீஷ் சுத்தமா அடிப்பீங்களா?" என்றாள் திரும்பாமலே.

"அடிப்பேன்."

"பாக்கறேன்."

அரைப் பக்கம் அடித்தேன். ஒவ்வொரு வரியையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. அப்போதும் அவள் முகம் இளகவில்லை. "நாளைக்கும் வாங்க," என்றாள். ஒரு மாதத்துக்குள் 'வாங்க' போய் 'வாப்பா' ஆயிற்று. நான் கடைசிவரை பாபி என்றும் நீங்க என்றும்தான் பேசினேன்.

புத்தகத்தில் இருந்ததை எல்லாம் அடித்து முடித்த பிறகு ஒரு நாள் கேட்டாள்: "அந்தச் செவுத்துக்கு அந்தாண்ட இன்னாப்பா இருக்கு?"

கல்யாணமாகி மூன்று வருஷம். தினமும் அந்த வாசனையில் எழுந்து அந்த வாசனையில் படுக்கிறவள். டேனரியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நான் சொன்னேன். வரிசையாகச் சுண்ணாம்புக் குழிகள், குழிக்குக் குழி நடுவில் ஒரு அடி அகலத்தில் வரப்பு, அதில் கால் வழுக்காமல் நடக்கும் ஆட்கள், ஒரு ஆள் உயரத்துக்கு மேல் சுற்றும் மரப்பீப்பாய்கள், தோல் காயப்போடும் கம்புகள். ஒரு சாம்பல் பூனை அந்த வரப்பு மேலேயே ஓடி, தோலிலிருந்து சீவிப் போட்ட சவ்வைக் கவ்விக்கொண்டு போகும் என்றும் சொன்னேன்.

"பில்லி!" என்றாள். உருதில் பூனை. "அதுதான் நம்ம ஆட்டம்."

இப்படித்தான் ஆரம்பித்தது. யார் என்ன செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்த சண்டையெல்லாம் அதைப் பற்றித்தான். குழிகளும் பீப்பாய்களும் எங்கெங்கே இருக்க வேண்டும் என்று சொன்னது நான். கட்டம் போட்ட தாளில் எட்டுக்கு எட்டு கட்டங்களில் பூனையை வரைந்ததும் நான். தறி வீட்டில் கட்டம் போட்டுப் பூ வரைவதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் அது எனக்குச் சுலபமாக வந்தது. பூனை எப்படித் தாவும், எப்போது விழும், அதைத் துரத்த நாங்கள் சேர்த்த நாய் எந்த வேகத்தில் வரும் என்பதையெல்லாம் கணக்காக்கி புரோகிராம் எழுதியது அவள். அடித்தது நான். நடுநடுவே, மெஷின் படிக்காமல் தாண்டிப் போகிற குறிப்பு வரிகளைச் சேர்ப்பாள். ஆங்கில எழுத்தில், தமிழில். 'இந்த வரியில கை வெக்காதே.' 'பூனை இங்க பயப்படுது.' 'இத எழுதும்போது கரன்ட் போச்சு.'

கரன்ட் நிஜமாகவே போகும். போனால் அடித்ததெல்லாம் காணாமல் போகும். அதனால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை டேப் ரெக்கார்டரில் பதிவு செய்துகொள்வோம். ஒன்றைத் தாண்டினால் அடுத்தது என்று மூன்று முற்றங்களோடு விளையாட்டு முடிந்தபோது இரண்டு காசெட்டில் வைத்தோம். ஒன்று ரெக்கார்டரிலேயே இருந்தது. நீல மையில் 'பில்லி' என்று எழுதிய இன்னொன்று அவள் அலமாரியில்.

இதற்குள் கீழே என் பெயர் கெட்டுவிட்டது. தையல் பகுதிப் பெண்கள் நான் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். நான் மாடிக்குப் போய் கோள் சொல்கிறேன் என்று முடிவு செய்திருந்தார்கள். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, "மேல என்னைப் பத்தி இன்னா பேசிக்கறாங்க?" என்று கேட்டார். டிவியில் பூனை விளையாட்டு எழுதுகிறோம் என்றேன். "சரி, சொல்ல இஷ்டம் இல்லன்னா விடு," என்றார். பாபியின் மாமியார் மரியாதையான மனுஷி. ஆனால் நான் இறங்கிவரும்போதெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து, என் பையைப் பார்த்து, "சாப்பாட்டு டப்பாவாம்மா?" என்று கேட்பார். "ஆமாங்கம்மா" என்று திறந்தே காட்டிவிடுவேன்.

ஒரு கட்டத்தில் பாபியிடமும் மாற்றம் தெரிந்தது. அலமாரியைப் பூட்ட ஆரம்பித்தாள். சாவி அவள் இடுப்பில் ஏறியது. காசெட்டுகளை எண்ணி வைப்பதைப் பார்த்தேன். கேட்கவில்லை. பெரிய வீடு, ஆயிரம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சில மாதம் போனது. ஆபீஸுக்கு வரும் தபாலைப் பிரிப்பது என் வேலை. ஒரு நாள் எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை. 'மேடத்துக்கு' என்று ஒரு சின்னச் சீட்டு. மேலே கொண்டுபோய்க் கொடுக்கும் முன் சும்மா புரட்டினேன். நடுவில் நான்கு பக்கத்துக்கு ஒரு விளையாட்டின் புரோகிராம் அச்சாகியிருந்தது. தலைப்பு, 'நீச்சல்குளத்துப் பூனை.' ஒரு வெள்ளைக்காரப் பெயர். அதன் கீழ் சின்ன எழுத்தில், சகல உரிமைகளும் அவருக்கே என்று இருந்தது. இரண்டாம் பாகம் விரைவில் என்றும் இருந்தது.

வரிகளைப் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டேன். அந்த ஆங்கிலப் பத்திரிகையில், அந்த அழகான தாளில், எழுத்துக்கு எழுத்து அச்சாகியிருந்தது: 'பூனை இங்க பயப்படுது.'

உலகத்தில் இரண்டே காசெட். இரண்டும் பாபியிடம். அவள் கொடுக்காமல் எப்படிப் போயிருக்கும்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்துவிட்டாள் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினேன். வரப்பும் பீப்பாயும் அவளுக்கு எங்கிருந்து தெரியும்? என் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு, காரியம் முடிந்ததும் அலமாரியைப் பூட்டிவிட்டாள். பூட்டுக்கு எனக்கு இப்போது அர்த்தம் கிடைத்துவிட்டது.

பத்திரிகையை அவளிடம் கொடுக்காமல் டப்பாவுக்கு அடியில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். அந்த ஒரு நாள் மாமியார் பையைப் பற்றிக் கேட்கவில்லை, நான் மாடிக்கே போகவில்லை.

அடுத்த ஒன்பது நாளும் அவளைச் சோதித்தேன். "பாபி, நம்ம பில்லியை வேற யாராச்சும் ஆடியிருக்காங்களா?"

அவள் கை நின்றது. "ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

சிறிது நேரம் கழித்து அவள் கேட்டாள். "உங்க ஊர்ல காசெட் பதிவு பண்ணிக் குடுக்கற கடை இருக்குல்ல?"

"இருக்கு. எங்க மாமா பையன்தான் வெச்சிருக்கான்."

"ஓ," என்றாள். அலமாரிப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு பதில் கிடைத்துவிட்டது போல இருந்தது. எதற்கான பதில் என்று எனக்குத்தான் தெரியவில்லை.

பத்தாம் நாள் தாங்கவில்லை. பத்திரிகையை அவள் முன்னால் விரித்து வைத்தேன். படித்தாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி அந்தக் குறிப்பில் வந்து நின்றது.

"இது எப்ப வந்துச்சு?"

"போன வாரம்."

சீட்டை எடுத்துப் பார்த்தாள். "என் பேர்ல வந்திருக்கு. இத்தினி நாளா நீ வெச்சிருந்தியா?"

"நீங்க குடுக்காம அவங்களுக்கு எப்டி பாபி போச்சு?"

"நான் குடுத்தேனா?" எழுந்து நின்றுவிட்டாள். "நீலக் காசெட் காணாம போய் எத்தினி மாசம் ஆவுது தெரியுமா? நீதான் எடுத்துப் போய்ட்டேன்னு நெனச்சிக்கினு இருக்கேன்."

"என்னைத் திருடின்னு நெனச்சிக்கினேதான் தெனம் டீ குடுத்தீங்களா?"

"ஒன்பது நாளா அந்த டீயைக் குடிச்சிக்கினே நீ இன்னா நெனச்சே?"

நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மறுநாளிலிருந்து மேலே போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை. தையல் பகுதிப் பெண்களுக்கு என்மேல் திடீரென்று பாசம் வந்தது. "இன்னா, தோஸ்து உட்டுப் போச்சா?" என்றார்கள். மேனேஜருக்குத்தான் கவலை. இப்போது மேலே என்ன நடக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் பழைய ஆர்டர் ஒன்றில் தகராறு. முதலில் அனுப்பிய சாம்பிள் பட்டியலின் கார்பன் காப்பியைத் தேடச் சொன்னார்கள். ஃபைலைப் புரட்டும்போது வேறொரு பட்டியல் கண்ணில் பட்டது. அதே வெளிநாட்டு வியாபாரிக்குப் போனது. பதினான்கு சாமான். ஷூ மேல்பாகம், தோல் துண்டுகள், அட்டையில் வெட்டிய பேட்டர்ன்கள். கடைசிக்கு முந்தின வரியில்: காசெட், ஒன்று.

பட்டியலுக்கு மேலே நாங்கள் எல்லாச் சாம்பிள் கடிதத்திலும் அடிக்கிற அந்த ஒரே வாக்கியம். இத்துடன் அனுப்பும் பொருள்களும் அவற்றின் வடிவங்களும் அவை சார்ந்த சகல உரிமைகளும் வாங்குபவரையே சேரும். கீழே சின்ன முதலாளியின் கையெழுத்து. இடது ஓரத்தில், டைப் அடித்தவர் யார் என்று காட்டும் இரண்டு எழுத்து. என் எழுத்து.

அன்றைய நாள் ஞாபகம் வந்தது. ரயில் தாமதம். பெட்டி ஏற்ற வண்டி வாசலில் நின்றது. சின்ன முதலாளி பென்சிலில் எழுதிய பட்டியலைக் கால் மணி நேரத்தில் அடித்துக் கொடுத்தேன். வியாபாரிகளுக்கு நாதஸ்வரக் காசெட்டும் சந்தனப் பொம்மையும் சேர்த்து அனுப்புவது வழக்கம் என்பதால், காசெட் என்ற வார்த்தை என்னை உறுத்தவே இல்லை. விரல் அடித்தது, மனசு படிக்கவில்லை. எங்கள் விளையாட்டை எழுதிக் கொடுத்தவள் நானேதான்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். யாருக்கும் தெரியாது. பாபியின் மேலேயே பழி நிற்கும், எனக்கும் அதுதான் வசதி. ஃபைலை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். பாதியில் டப்பாவை மூடிவிட்டுத் திரும்பி வந்தேன். தாளை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

பாபி படித்தாள். கணவரின் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் இரண்டு எழுத்தைத் தொட்டாள்.

"இது நீயா?"

"நான்தான்."

"தெரிஞ்சு அடிச்சியா?"

"சத்தியமா தெரியாது பாபி."

அவள் நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "உக்காரு," என்றாள்.

நாலு மணி டீக்குச் சின்ன முதலாளி வந்தார். பாபி தாளையும் பத்திரிகையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். நான் எழுந்து சுவரோரம் நின்றுகொண்டேன்.

"அலமாரில இருந்து நீலக் காசெட்டை நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா. அவரோட பையன் காலேஜ்ல படிக்கிறான், கம்ப்யூட்டர்னா உசுராம். சும்மா ஒரு ஞாபகத்துக்கு வெச்சேன். ஏன், அது முக்கியமா?"

"என்னைக் கேட்டீங்களா?"

"கேக்க இன்னா இருக்கு? விளையாட்டுச் சாமான்தானே?" அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "மெஷின் யாரு வாங்கினது? டிவி யாருது? டைப் அடிச்ச பொண்ணுக்குச் சம்பளம் யாரு தர்றது? நம்ம வீட்டுது நம்ம வியாபாரிக்குப் போச்சு. இதுல இன்னா பேஜாரு?"

"அப்ப பூனை உங்களுது?"

"நம்முது," என்றார். டீயைக் குடித்துவிட்டு எழுந்தவர், வாசலில் நின்று, "வியாபாரிக்கு எதுவும் எழுதிடாதீங்க. ஆர்டர் நேரம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாபி வியாபாரிக்கு எழுதவில்லை. பத்திரிகைக்கு எழுதினாள். ஒவ்வொரு குறிப்பு வரிக்கும் என்ன அர்த்தம், எந்த மொழி, எதற்காக அங்கே வந்தது என்று இரண்டு பக்கம். நீச்சல்குளம் என்று நினைத்தவை எல்லாம் சுண்ணாம்புக் குழிகள் என்றும் எழுதினாள். கம்பெனி டைப்ரைட்டரில் அடிக்க எனக்கு மனமில்லை. குடியாத்தத்தில் நான் படித்த இன்ஸ்டிட்யூட்டில் அடித்து, அங்கேயே பதிவுத் தபாலில் அனுப்பினேன். மறுநாள் ரசீதைக் கேட்டாள். கொடுத்தேன். தேதி முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. "சாருக்கு இது தெரியாதுல்ல?" என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தேன். இருவரும் ஒரே பக்கம்தான் நின்றோம். ஆனாலும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

இரண்டு மாதம் கழித்து என் வீட்டு முகவரிக்குப் பதில் வந்தது. மரியாதையான கடிதம். குறிப்புகளின் அர்த்தத்தை ஆவலோடு படித்தார்களாம். ஆனால் அந்த இளைஞரின் தகப்பனார் ஒரு கடிதத்தின் நகலைக் காட்டியிருக்கிறாராம். அதன்படி இந்த விளையாட்டின் உரிமையும், இதே பூனையை வைத்து வரும் பாகங்களின் உரிமையும் அவர்கள் குடும்ப நிறுவனத்தையே சேரும். பிரச்சினை தீரும்வரை இரண்டாம் பாகத்தை நிறுத்தி வைப்பார்களாம். நீங்கள் வேறு விளையாட்டு அனுப்பினால் மகிழ்ச்சியோடு பரிசீலிப்போம்.

அதே கவரில் அந்த இளைஞன் எழுதிய இன்னொரு தாளும் இருந்தது. அப்பா கம்பெனிக்கு வந்த சாமான், அதனால் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்ததாக எழுதியிருந்தான். வருத்தம் தெரிவித்திருந்தான். கடைசியில் ஒரு கேள்வி. இரண்டாம் பாகத்தில் நான்காவது முற்றம் வைக்க வேண்டும், குழிகளுக்கு அப்புறம் தோல் எங்கே போகும், தயவுசெய்து சொல்வீர்களா?

எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. "சொல்லிடலாமா பாபி?"

"சொன்னா அதுவும் அவன் பேர்ல வரும்."

"ஏதோ நல்ல பையனாத் தெரியுது."

"நல்லவங்கதான் எல்லாரும். எங்க வீட்டுக்காரரு கெட்டவரா?" என்றாள். பதில் எழுதவில்லை.

பூனை போய்விட்டது. வேறு விளையாட்டு எழுதுவோம் என்றாள். எழுதுவதற்கு முன்னால் நமக்குள் ஒரு பத்திரம் வேண்டும் என்றும் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உனக்கு என்மேல இருக்கா?"

நான் கட்டம் போட்ட தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"அதான். சண்டை இல்லாதப்பவே எழுதிக்கலாம்."

குடியாத்தத்தில் சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே மரத்தடியில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் போனேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"சொத்து இன்னாம்மா? வீடா, மனையா, தறியா?"

"விளையாட்டு."

"மைதானமா?"

"இல்லீங்க, டிவில ஆடறது."

"அப்ப டிவிதான் சொத்து."

"டிவி இல்லீங்க. டிவில ஓடற விளையாட்டு."

"கரன்ட் போச்சுன்னா?"

"காணாம போய்டும்."

பேனாவைக் கீழே வைத்தார். "காணாம போற சொத்துக்கு நாலெல்லை எப்டிம்மா எழுதறது? கூட்டாளி எங்க?"

"கோஷா. வெளிய வர மாட்டாங்க."

"பெரிய எடமா?" என் வளையலையும் செருப்பையும் பார்த்தார். பெரிய வீட்டுச் சொத்து எதையோ வளைக்க வந்தவள் என்று அவர் நினைத்தது முகத்திலேயே எழுதியிருந்தது. நானும் அவரை நம்பவில்லை. விளையாட்டு எப்படி இருக்கும் என்று அவர் விவரம் கேட்கக் கேட்க, கேட்டு வைத்துக்கொண்டு யாருக்காவது சொல்லிவிடுவாரோ என்று பாதியை விழுங்கினேன். ஒரு தறிக்கூடம், நூலைச் சுமந்து குறுக்கே ஓடுகிற நாடா, அறுந்த நூலைப் பிடிக்கும் ஒரு எலி என்று மட்டும் சொன்னேன். இந்த முறை என் வீட்டுச் சத்தத்தையே எடுத்திருந்தோம்.

கடைசியில் நாலெல்லை இல்லாமல் எழுத அவருக்குக் கை வரவில்லை. வடக்கே பாவு ஓடும் சுவர், தெற்கே வாசல், கிழக்கே நூல் மூட்டை, மேற்கே எலி வளை, இதற்குள் அடங்கிய விளையாட்டும் அதன் பின்வரும் பாகங்களும் இருவருக்கும் சரிபாதி என்று எழுதினார். ஒருவர் கையெழுத்து இல்லாமல் இன்னொருவர் யாருக்கும் தரக்கூடாது. தானமாகவும் கூடாது, சாம்பிளாகவும் கூடாது. 'சாம்பிள்' என்ற வார்த்தையை பாபி சேர்க்கச் சொல்லியிருந்தாள்.

எலி விளையாட்டை எழுத நான்கு மாதம் ஆனது. இருவரும் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு அனுப்பினோம். பத்திரிகையில் வந்தது. இரண்டு பேர் பெயரும் இருந்தது. என் பெயரில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. அவ்வளவுதான்.

சின்ன முதலாளிக்கு ஒரே பெருமை. அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு சாம்பிள் அறையில் மாட்டி, வருகிற வியாபாரிகளிடம் எங்கள் கம்பெனியில் செய்தது என்று சொல்ல ஆரம்பித்தார். பாபியிடம் சொன்னேன். மறுநாள் காலை அவள் மாமனாரிடமே போய்விட்டாள். நடந்ததை எல்லாம் சொல்லி, அந்தச் சாம்பிள் கடிதத்தையும் காட்டியிருக்கிறாள். பெரிய முதலாளிக்குப் பூனையோ எலியோ புரியவில்லை. அந்த ஒரு வாக்கியம் புரிந்தது. எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் வெட்டிய வடிவங்கள் வேறு கம்பெனிகளுக்கு ஆர்டராகப் போவது ஏன் என்று அவர் பல வருஷமாக மாஸ்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாராம். மாஸ்டர் யாருக்கும் விற்கவில்லை. அவற்றின் உரிமையை நாங்கள்தான் கடிதம் கடிதமாக வாங்குபவர்களுக்கே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கண்ணாடிச் சட்டம் இறங்கியது. வாக்கியம் மாறியது. ஆபீஸை ஒட்டி, வீட்டுப் பக்கம் தனி வாசல் வைத்த ஒரு அறை பாபிக்கு ஒதுக்கப்பட்டது. வெளியே போகும் எந்தக் கடிதமும் அவள் படித்த பிறகுதான் கையெழுத்துக்குப் போக வேண்டும்.

அதற்கப்புறம் அவள் எனக்கு மேலதிகாரி. நான் அடித்துக் கொண்டுபோகிற ஒவ்வொரு தாளையும் வாங்கிக்கொண்டு, "படிச்சியா, அடிச்சியா?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டே கேட்டாலும் எனக்கு எரியும். மதிய நேரங்கள் நின்றுபோயின. மூன்றாவது விளையாட்டு என்று ஒன்று வரவேயில்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணமாகி வேலூர் போக வேண்டி வந்தது. கடைசி நாள் அவள் அறைக்குப் போனேன். எலி விளையாட்டுக்கு வரைந்த கட்ட நோட்டு மேஜைமேல் இருந்தது. "சரிபாதின்னு எழுதியிருக்கோம்," என்றாள். நூலை மெதுவாகப் பிரித்து, தாள்களைத் தனித்தனியாக எடுத்து, உனக்கொன்று எனக்கொன்று என்று வைத்துக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு தாள் மிஞ்சியது. ஒரு பக்கம் நான் வரைந்த எலி. மறுபக்கம் அவள் போட்ட கணக்கு.

"கடைல ஜெராக்ஸ் காப்பி எடுத்து அனுப்பறேன்," என்றாள்.

அனுப்ப மாட்டாள் என்றே நினைத்தேன். ரயிலில் போகும்போது, கேட்டு வாங்கியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. ஒரு வாரத்தில் வேலூருக்குத் தபால் வந்தது. பிரித்து, எலியின் மேல் விரலை வைத்துத் தடவினேன். என் பென்சில் அழுத்திய பள்ளம் தட்டுப்பட்டது. காப்பியை அவள் வைத்துக்கொண்டு, அசலை எனக்கு அனுப்பியிருந்தாள்.